மறைவுத் தேதி போடாத படம்

பகலவன் அண்ணன் கடைக்கு முதல் நாள் போனபோது அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. போனைக் கேட்டார்.

"அத இந்த டப்பாவுல போட்டுட்டு உள்ள வா தம்பி."

வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின். ஆல்பம் பார்க்க வந்தவர்களின் போன்கள் அதற்குள் கிடந்தன. ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எதுக்குண்ணே?"

"டிசைன போட்டோ புடிச்சிகினு போயி எதிர்ச் சந்துல குடுத்துட்டா?"

எதிர்ச் சந்தில் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. அந்த ஆளும் பகலவன் அண்ணனும் ஒரே டீக்கடையில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இவர் டீயைக் குடித்து முடிக்கும் வரை அவர் எழுந்திருக்க மாட்டார், அவர் எழுந்திருக்கும் வரை இவரும் எழுந்திருக்க மாட்டார். முதலில் எழுந்தவனைப் பற்றி இன்னொருவன் ஏதாவது சொல்லிவிடுவான் என்று இருவருக்குமே சந்தேகம்.

கள்ளக்குறிச்சியில் பகலவன் டிஜிட்டல்ஸ் என்றால் தெரியாதவர்கள் குறைவு. கல்யாண ஆல்பம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றுக்கும் மேலே பேனர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் போய்விட்டதால் உளுந்தூர்பேட்டை ஹைவே ஓட்டலில் தட்டு கழுவப் போனவர் அவர். ஓட்டலுக்குப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் கல்யாணங்களுக்கு லைட் பிடிக்க ஆள் இல்லாத நாளில் கூட்டிக்கொண்டு போனார். அப்படியே கேமரா, அப்படியே கம்ப்யூட்டர். போட்டோஷாப்பில் ஒரு ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும்போது தலைமுடிதான் கஷ்டம். காற்றில் பறக்கும் முடிகளை ஒவ்வொன்றாக விட்டு வெட்டுவார். "முடியில ஏமாத்தினா மூஞ்சியே பொய் ஆயிடும்" என்பார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது முடி இல்லை, வேகம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் உடல் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள், "ஒரு பேனரு கூட இல்லாத போயிடுச்சா?" என்று. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் நல்ல போட்டோ தேடி எடுக்க யாருக்கும் புத்தி வராது. ஆதார் கார்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் இருக்கும் முகத்தைப் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. பகலவன் அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஆளு யாருன்னு எனக்குத் தெரியும், நீங்க போயி கம்பு நடுங்க." அவர்கள் கம்பு நட்டு முடிக்கும் முன் சிரித்த முகத்தோடு, பளிச்சென்ற சட்டையோடு பேனர் வந்துவிடும். இது எப்படி என்று ஊருக்கே ஆச்சரியம். கையில் வேகம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் சின்னசேலம் பக்கத்துக் கிராமம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பட்டம் வாங்கிய அன்று எங்கள் அப்பா கரும்பு வெட்டப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. கம்பெனி வேலை கிடைக்கும் வரை கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பகலவன் அண்ணன் கூப்பிட்டது அதற்குத்தான்.

"கல்யாணம் இங்க நடக்குது. பாதி சனம் திருப்பூரு, பெங்களூரு, மெட்ராஸ்னு கெடக்குது. ஆல்பம் பொண்ணு வூட்டு பீரோவுல பூட்டிக் கெடக்குது. வாட்சப்புல அனுப்பினா படம் மங்கிப் போவுது. அதனால ஆன்லைன்ல ஒரு கேலரி போடு. லிங்க் குடுத்தா அவங்கவங்க கல்யாணத்த அவங்கவங்க பாக்கணும்."

"போட்டுடலாம்ண்ணே."

"பாக்கத்தான் பாக்கணும். எவனும் எடுக்கக் கூடாது."

மவுஸில் வலதுபக்கம் அமுக்கினால் ஒன்றும் நடக்காதபடி செய்தேன். கல்யாணத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். படத்தின் குறுக்கே 'பகலவன்' என்று வாட்டர்மார்க் போடலாம் என்றேன். அதைப் பெண்ணின் மூக்குக்கு மேலேயே போட்டார். பெண்ணைப் பெற்றவள் வந்து, "எம்பொண்ணு மூஞ்சில உம்பேர எழுதறதுக்கு நீ யாருய்யா?" என்று கேட்ட பிறகு முந்தானைப் பக்கம் இறக்கினார்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்தா?" என்றார்.

"அத நிறுத்த முடியாதுண்ணே."

"காலேஜில சொல்லிக் குடுக்கலியா?"

கம்ப்யூட்டரை என்னைத் தொட விடமாட்டார். "நீ சொல்லு, நான் அமுக்கறேன்." ஒரு கல்யாணத்துக்குப் பல நூறு படங்கள். ஒவ்வொன்றையும் சின்னதாக்கி, நிறம் சரிசெய்து, வாட்டர்மார்க் போட்டு ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. ஒரு படத்துக்குச் செய்யும் வேலையை போட்டோஷாப்பில் ஒருமுறை பதிந்து வைத்தால், ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டுப் போய் டீ குடிக்கலாம். எல்லாப் படத்துக்கும் அதுவே செய்துகொள்ளும். நிச்சயம், நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தால், உள்ளே இருப்பதையும் சேர்த்துக்கொள் என்று ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். இதைச் சொன்னதும் நாலு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய டெஸ்க்டாப்பில் 'ரகசியம்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. ஒருநாள் வெளியே போய்விட்டு வந்து அதைக் கவனித்தார்.

"ரகசியத்த தொறந்தியா?"

"இல்லண்ணே."

"உள்ள ஒண்ணுமில்ல, காலி. எவன் தொறக்கறான்னு பாக்கத்தான் வெச்சிகீறேன்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஏன் தொறக்கல? தொறக்காத ஒருத்தன் இருப்பானா?"

உண்மையில் மறைக்க வேண்டியதை அவர் அந்தப் பெயரில் வைக்கவில்லை. கல்யாணத்துக்குள் வைத்திருந்தார்.

கேலரி வந்து எல்லோரும் லிங்க் கேட்க ஆரம்பித்த சமயம். பழைய கல்யாணங்களை அவரே ஏற்றினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. அதில் ஒன்று வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் தங்கமணியின் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி. மறுநாள் காலையில் எனக்கு போன்.

"தம்பி, அத எடு. தங்கமணிய எடு. மொத்தமா எடு."

எடுக்கும் முன் திறந்து பார்த்தேன். நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு, இன்னும் மெருகேற்ற வேண்டிய படங்களுக்கு வைக்கிற பெயரில், 'ரீடச் பாக்கி' என்று இன்னொன்று. அதற்குள் முகங்கள். எல்லாம் வயசானவர்கள். சாம்பல் நிறப் பின்னணி, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ரோஜா மாலை, ஓரத்தில் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'தோற்றம்', 'மறைவு' என்ற இரண்டு சொற்கள். பாதிப் படங்களில் அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் தேதி இருந்தது. மீதிப் படங்களில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தது.

எல்லாவற்றின் மேலும் 'பகலவன்' என்ற வாட்டர்மார்க்.

"யாருண்ணே இவங்க?"

"செத்தவங்க."

"தேதி இல்லாதவங்க?"

"மொதல்ல எடு தம்பி. அப்பறமா கேளு."

எடுத்துவிட்டேன். ஆனால் திருப்பூரில் மாப்பிள்ளையின் தம்பி அதற்குள் பார்த்துவிட்டான். வலதுபக்கம் அமுக்கினால் ஒன்றும் வராது என்றுதான் நான் செய்திருந்தேன். அவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, 'பெரியப்பா தவறிட்டாரா? யாரும் சொல்லவே இல்லையே' என்று கேட்டிருந்தான்.

பெரியப்பா தவறவில்லை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மரவள்ளிக் காட்டில் களை எடுக்க ஆள் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் சின்னதுரை. நெஞ்சுவலி என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து மலையேறி, மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை.

அவர் மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு, மூச்சு இன்னும் சீராகவில்லை. டின்னில் போட அவரிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அந்தப் படத்தைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து நாலாக மடித்து வைத்திருந்தார். மேஜை மேல் விரித்தார்.

"இத போடச் சொன்னது யாரு?"

பகலவன் அண்ணன் படத்தையே பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் மிஸ்டேக்குங்க பெரியவரே. தானா வந்துடுச்சி."

"கம்ப்யூட்டருக்கு எம்மேல இன்னா கோவம்?"

"இல்லீங்க, சில நேரம் படம் மாறிப் போயிடும்..."

"மால தானா வந்துச்சா? வெளக்கு தானா ஏத்திக்கிச்சா?" பேப்பரில் 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க எடம் வுட்டுகீற. எத எதிர்பாத்துகினு வுட்ட? நான் கேக்கறது ஒண்ணுதான். வந்து சொன்னது எம்மவனா, மருமவளா?"

"அப்படி யாரும் சொல்லலீங்க."

"யாரும் சொல்லாத நீயா போட்டியா?"

பகலவன் அண்ணன் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேப்பரை மடித்தார்.

"சரி. நீ சொல்ல மாட்ட. அவன் உன்ன சொல்ல வேணாம்னு சொல்லிகீறான். எனக்குப் புரிஞ்சிபோச்சி."

அவர் போன பிறகு எனக்கும் அதே எண்ணம்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே 'எதுக்கும் ரெடியா வெச்சிருங்க' என்று போன் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர் மகன் இளமாறன் பிக்கப் வண்டி வைத்து வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவன். அவன்தான் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். பகலவன் அண்ணனிடம் கேட்டதற்கு, "தொழில் ரகசியம் தம்பி" என்று முடித்துவிட்டார். மகனைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு இன்னும் உறுதியானது.

அடுத்த வாரம் மருமகள் செவ்வந்தி வந்தாள். முகம் தூங்காத முகம். போனை டின்னில் போடச் சொன்னதற்கு, "போடறேண்ணா. அதுலதான எல்லா வெனையும் வந்துச்சி" என்று வீசினாற்போலப் போட்டாள்.

"எம்மாமனாரு நான் ஆக்கறத தின்ன மாட்டேங்கறாருண்ணா. பலாமரத்தடியில மூணு கல்லு வெச்சி அவரே கஞ்சி காச்சிக்கிறாரு. தண்ணி கூட வூட்டுக் கொடத்துல மொண்டுக்கறது இல்ல. அது போவட்டும். மாத்திரைய நிறுத்திட்டாரு."

"எந்த மாத்திர?"

"நெஞ்சுக்குக் குடுத்தது. ஒரு வேள கூட வுடக் கூடாதுன்னு டாக்டரு அப்பிடி சொல்லி அனுப்பினாங்க. 'உம்புருசன் வாங்கியாந்தத நான் தின்னணுமா?'ன்னு கேக்கறாரு. ராவுல மூச்சு வாங்கி எழுந்து குந்திகினு கீறாரு. நான் ஆர்டரு குடுக்கல. எங்க வூட்டுக்காரு எங்கொழந்த தலையில கைய வெச்சி இல்லன்றாரு." நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கே இப்ப அவருமேல சந்தேகம் வந்துடுச்சிண்ணா. வூட்டுல ஒருத்தர ஒருத்தரு பாத்துகினு கீறோம். யாருன்னு சொல்லிடுங்க. யாரா இருந்தாலும் பரவால்ல."

பகலவன் அண்ணன், "நான் மலைக்கு வந்து பேசறேம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் நம்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு, டின்னை நேராக வைத்துவிட்டுப் போனாள்.

ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தபோது என்னைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துச் சொன்னார்.

யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் டீக்கடைதான் அவருக்கு எல்லாம். அங்கே உட்கார்ந்திருந்தால் எந்த ஊர் ஆள் எந்த நிலையில் வந்து இறங்குகிறான் என்பது தெரிந்துவிடும். 'தாங்காது' என்று யாராவது சொன்னால் போதும். கடைக்கு வந்து, அந்த ஊர்ப் பக்கம் தான் எடுத்த கல்யாணங்களைத் திறந்து, பந்தியிலோ மேடையிலோ அந்த முகத்தைத் தேடிப் பிடித்து, வெட்டி, சட்டை மாற்றி, மாலை போட்டுத் தயாராக வைத்துவிடுவார். சாவு விழுந்ததும் தேதியை மட்டும் போட்டு பிரிண்டுக்கு விடுவார். அதுதான் கையில் இருந்த வேகம். பிழைத்துக்கொண்டவர்களின் படம் தேதியில்லாமல் அப்படியே கிடக்கும். எதிர்ச் சந்துக்காரன் கண்ணில் படாமலிருக்க அதைக் கல்யாண ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்திருந்தார். உள்ளே இருப்பதையும் சேர்த்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் அடித்தவரும் அவரேதான்.

எனக்குக் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது. பிழைக்க வேண்டும் என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். எதிரே டீ குடித்துக்கொண்டே ஒருவர் மாலை அளவு பார்க்கிறார்.

"போயி இத அவருகிட்ட சொல்லுங்கண்ணே."

"சொன்னா எம்பேரு போயிடும். உயிரோட கீறவனுக்கு மால போடறவன்னு ஊரே காறித் துப்பும். ஒரு கல்யாணத்துக்குக் கூப்புட மாட்டான்."

"சொல்லலன்னா அவரே போயிடுவாருண்ணே."

 பகலவன் அண்ணன் எழுந்து அந்தக் கல்யாண ஃபோல்டரை லேப்டாப்பில் ஏற்றிப் பையில் வைத்தார். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு. நீயும் வா." ஷட்டரைத் தூக்கும்போது திரும்பினார். "இத எதிர்ச் சந்துல சொல்லிட மாட்டியே?"

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் லேப்டாப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டோம். ஜீப்பில் இருந்த ஒருவர், "எங்க போறீங்க?" என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார் பகலவன் அண்ணன். மலையில் சும்மா யார் ஏறுவார்கள் என்று அந்த ஆள் இறங்கும் வரை எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரியவர் பலாமரத்தடியில் தன் மூன்று கல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. இளமாறன் வண்டி கழுவிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டான். செவ்வந்தி வாசலிலேயே நின்றாள்.

பகலவன் அண்ணன் நின்றுகொண்டே சொன்னார். டீக்கடையில் பார்த்தது, கடைக்கு வந்து தேடியது, மாலை போட்டது, ஒளித்து வைத்தது. ஒன்றையும் விடவில்லை. யாரும் சொல்லாமல் நானாகத்தான் செய்தேன் என்றார்.

பெரியவர் முழுசாகக் கேட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ செலவு பண்ணி இட்டாந்த இவன?"

"யப்பா, இவரு மூஞ்சிய நான் இன்னிக்குத்தான் சரியா பாக்கறேன்."

"பாக்காதயே போன்ல பேசிக்கலாம்."

பகலவன் அண்ணன் லேப்டாப்பைத் திறந்து திண்டாடி வெயில் படாத பக்கம் திருப்பினார். படம் வந்தது. ஒவ்வொரு லேயராக அணைத்தார். மாலை போனது. விளக்கு போனது. சாம்பல் பின்னணி போனது. சந்தனக் கலர் சட்டை போனது. கடைசியில் தங்கமணி கல்யாணத்துப் பந்தியில் வாழை இலைக்கு முன்னால் பெரியவர் உட்கார்ந்து, ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தச் சட்டை, காலரில் கிழிசல். தோளில் ஒரு கை.

"இது யாரு கை?"

"உங்க பையன்து. இத அழிக்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆச்சி."

பெரியவர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய முகம் இளகுகிறது என்று நான் நினைத்தேன்.

"அப்ப இவன் பக்கத்துலயே நின்னுகினு படம் புடிக்க வெச்சிகீறான்."

இளமாறன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பஸ்ஸு போயிடும், சீக்கிரம் துன்னுட்டு வான்னு கூப்புட வந்தேன்பா."

"பையன் ஆர்டர் குடுத்திருந்தா ஆதார் கார்டதாங்க குடுத்திருப்பாரு," என்றார் பகலவன் அண்ணன். "எல்லாரும் அதத்தான் குடுப்பாங்க. இது நான் எடுத்த கல்யாணத்துலர்ந்து நானே வெட்னது."

"கேட்டா இப்பிடி சொல்லணும்னு அவன் யோசிச்சி வெச்சிருப்பான்." மூச்சு வாங்கியது. நிறுத்திக்கொண்டார். "வேற யாரு யாரு படம் இதுல கீது? காட்டு."

பகலவன் அண்ணன் தயங்கினார். இதுவரை அந்த ஃபோல்டரை யாருக்கும் அவராக விரித்துக் காட்டியதில்லை. பிறகு திறந்தார். பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரைப் பார்த்து, "இவன் போன மாசி செத்தான்" என்றார். இன்னொருவரைப் பார்த்து, "இவன் நேத்து சந்தையில கடுக்கா வித்துகினு இருந்தான்" என்றார். சில முகங்களைக் கடந்து ஒரு கிழவியின் படத்தில் நிறுத்தினார். மூக்குத்தி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் அதே ரோஜா மாலை. மற்ற எல்லாவற்றையும்விட அழகாக வந்திருந்தது. பறக்கும் நரைமுடி ஒன்றுகூட விடுபடவில்லை.

"இது எந்த ஊரு?"

"சின்னசேலத்துல கீது."

"செத்துடுச்சா?"

"இல்ல."

"இதுக்கு ஆர்டரு குடுத்தது யாரு?"

"நான்தாங்க. எங்கம்மா அது."

 எனக்கும் அது தெரியாது; அன்று எடுக்கிற அவசரத்தில் மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன். சின்னசேலத்தில் அந்த அம்மாவின் கையால் நான் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"பெத்த தாய்க்கா போட்ட?"

"எங்கப்பா செத்தப்ப ஒரு படமும் இல்லீங்க. ரேசன் கார்டுல இருந்தத பெருசு பண்ணி வேற ஒரு கடையில பேனரு போட்டாங்க. கண்ணு எங்க, மூக்கு எங்கன்னு தெரியல. வந்தவங்கள்லாம் பேனர பாத்துட்டு, வூடு மாறி வந்துட்டமோன்னு திரும்பிப் போனாங்க. அம்மாவுக்கு அப்பிடி ஆவக் கூடாதுன்னு போன வருசம் காதணி விழாவுல எடுத்தத செஞ்சி வெச்சிகீறேன். அதுகிட்ட சொல்லல. சொன்னா அடிக்கும்." லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார். "சாவணும்னு செய்யலீங்க. உங்குளுதும் அப்பிடித்தான்னு பொய் சொல்ல மாட்டேன். உங்குளுது தொழிலுக்கு செஞ்சது. தப்புதான். ஆனா உங்க பையனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

பெரியவர் அந்த அம்மாவின் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "எம்படத்த அழி."

அழித்தார்.

"வேற எங்கியும் இல்லியே?"

"கடையில ஒரு காப்பி கீது. வூட்டுல அரிசி டிரம்முக்குள்ள ஹார்ட் டிஸ்க்குல ஒண்ணு கீது. ரெண்டையும் போனதும் அழிச்சிடறேன்."

அரிசி டிரம் விஷயம் எனக்கும் புதிது. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் செவ்வந்தி பக்கம் திரும்பினார். ஆனால் பேசியது அவளிடம் இல்லை.

"ஆஸ்பத்திரிலர்ந்து வந்த அன்னிலர்ந்து கொழம்பு ருசியே வேற. எனக்கு நாக்கு செத்துப் போச்சா? இன்னாத்தையோ கலக்கறாங்கன்னு எனக்கு அப்பவே சந்தேகம். படம் அப்பறமாத்தான் வந்துச்சி." பகலவன் அண்ணனை விரலால் காட்டினார். "இவனுக்குப் போடு மொதல்ல."

செவ்வந்தி உள்ளே போய் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து பகலவன் அண்ணன் முன் வைத்தாள். அவர் வெளியே எங்கும் கை நனைக்காதவர். ஒரு நிமிடம் தட்டைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பிசைந்து வாயில் வைத்தார். பெரியவரின் பார்வை அவருடைய தொண்டையிலேயே இருந்தது. ஒவ்வொரு வாயும் இறங்குவதைப் பார்த்தார். தட்டு பாதி காலியானது.

"எப்பிடி கீது?"

"உப்பு கம்மிங்க. வேற ஒண்ணுமில்ல."

"டாக்டரு கம்மியாத்தான் போடச் சொன்னாங்க மாமா," என்றாள் செவ்வந்தி.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா துன்ன மாட்டீங்களே."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். இளமாறன் வண்டிப் பக்கமே நின்றிருந்தான், கிட்டே வரவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அந்தத் தண்ணிய நிறுத்துடா," என்றார் பெரியவர். பிறகு செவ்வந்தியிடம், "எனக்கும் போடு. மாத்திரைய அட்டையோட எடுத்தா. பிச்சி எடுத்தாராத."

அவள் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"நீ படிச்ச புள்ளதான? இதுல இன்னா போட்டுகீதுன்னு படி."

எழுத்துக் கூட்டாமல் சத்தமாகப் படித்தேன். எதற்கான மாத்திரை என்று சொன்னேன். காலாவதியாக இன்னும் வெகுநாள் இருக்கிறது என்றும் சொன்னேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டு தரமும் ஒரே மாதிரிதான் வருகிறதா என்று பார்த்தவர், ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக் குடத்துத் தண்ணீர் கேட்டார்.